ஒன்பதாம் பாடம்

அன்புள்ள மனைவிக்கு,

நலம், நலமே நாடுவது என்று தொடங்கக் கை கூசுகிறது. கல்யாணமான நாளிலிருந்து உன்னை ‘இந்தா’ என்று கூப்பிட்டே பழகியவன் நான். கடிதத்தில் எப்படி அழைப்பது என்று தெரியாமல் முதல் தாளைக் கிழித்துப் போட்டேன். இது இரண்டாவது தாள். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, யோசித்து எழுதி அனுப்புங்கள் என்று நீதான் சொன்னாய். தாளில் இன்னொரு வசதியும் இருக்கிறது. நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது.

வீட்டுச் செய்தி முதலில். மாடிக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. வருகிறேன் என்று சொன்ன பிளம்பர் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறான். கீழ்வீட்டில் என் அக்காவுக்கு முழங்கால் வலி. வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நான் இஸ்திரி போடாத சட்டையோடு படியிறங்கினால், பொண்டாட்டி ஊருக்குப் போனா புருஷன் இளைச்சுப் போவான்னு கேள்விப்பட்டிருக்கேன், இப்படிக் கசங்கிப் போவான்னு கேள்விப்பட்டதில்லடா என்கிறாள். மகன் வாராவாரம் போன் செய்கிறான். எல்லாம் நல்லா இருக்கா என்பான். இருக்கு என்பேன். வைத்துவிடுவான். நம் வீட்டு ஆண்கள் பேச்சில் சிக்கனம் என்று நீ சொல்வது சரிதான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வருடத் தற்காலிகப் பணி என்று உன்னைத் தலைமையகத்துக்கு அழைத்தார்கள். இணையவழி வகுப்புகளைச் சோதனையாக நடத்திக் காட்டினாய். இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவியாக இரு என்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் இன்னும் மூன்று வருடம் அங்கே. மறுத்தால் மாதக் கடைசியில் வீடு. ஏத்துக்கட்டுமா, வந்துடட்டுமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க என்று கேட்டாய்.

ஒரே வார்த்தை: வந்துவிடு.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு நம் குடும்பம் கொடுத்தது போதும். முதல் மாணவனாகத் தேறி வந்த என்னிடம், ஆறே மாதம் அஞ்சல்வழிப் பிரிவில் இருங்கள், பிறகு துறைக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. என் தலைதான் நரைத்து முடிந்துவிட்டது. இங்கே பெரிய கட்டடத்தில் நேர்வகுப்பு எடுக்கும் பேராசிரியர்கள் இன்றைக்கும் என்னை வழியில் கண்டால், நீங்க அந்தப் பக்கம்தானே என்று கேட்பார்கள். அந்தப் பக்கம் என்றால் காகிதக் கிடங்குக்குப் பின்னால். பாடம் எழுதுகிறவனின் மேசையும் பார்சல் கட்டுகிறவனின் மேசையும் ஒரே கூடத்தில். ஒரு நல்ல வாக்கியம் மனசில் கூடிவரும் நேரத்தில் மூக்கில் பசை வாடை ஏறும். நம் அலுவலகத்துக் ‘கோந்து’ அந்தப் பசையில் பிறந்தவன் என்று சிரிப்போமே, எந்த இயக்குநர் வந்தாலும் போய் ஒட்டிக்கொள்வான் என்று. நீ மறுத்தால் நாற்காலி அவனுக்குத்தான் என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள். உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். அவன் உட்கார்ந்தால் நாற்காலி ஆடாது.

புள்ளியியல் பாடநூலை நான் மறந்துவிட்டேன் என்று நினைக்கிறாயா? முதல் வரியிலிருந்து கடைசிப் பயிற்சிவரை என் கையால் எழுதியது. இரண்டு கோடை விடுமுறைகளை அதற்குக் கொடுத்தேன். மகனை ஒரு நாள்கூடக் கடற்கரைக்குக் கூட்டிப்போகவில்லை. அச்சாகி வந்தபோது அட்டையில் பெரியவர் பெயர். அப்போது துறைத்தலைவராக இருந்த அவருக்கு அந்தப் புத்தகத்தில் சொந்தமாக ஒரு காற்புள்ளிகூடக் கிடையாது. நான் உள்ளே, பொடி எழுத்தில், ‘பாட உதவி’. எனக்கென்று வந்த பிரதிகளைக் கட்டுக்கூடப் பிரிக்காமல் பரணில் ஏற்றிவிட்டு, தேர்வுப் பணிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். ஒரு தடவை திறந்துதான் பாருங்களேன் என்று நீ எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாய். அந்த அட்டையைப் பார்த்தால் எனக்கு இரத்தக் கொதிப்பு வரும். இப்போதும் வரும்.

உன் இயக்குநர் கூட்டத்தில் பேசியதைக் கேட்டேன். தொலைவிலிருந்து படிப்பதை அவரே நேற்று கண்டுபிடித்த மாதிரிப் பேசுகிறார். ரயில் புதிதாக ஓடத் தொடங்கிய காலத்திலேயே ஒரு வாத்தியார் அஞ்சலட்டையில் சுருக்கெழுத்துப் பாடம் அனுப்பி, எழுதி வந்ததைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். எங்கே உட்கார்ந்து படித்தாய் என்று கேட்கமாட்டோம், தேர்வில் தேறினால் பட்டம் என்று ஒரு பெரிய பல்கலைக்கழகம் கதவைத் திறந்ததும் அதற்குக் கொஞ்ச காலம் பின்புதான். நம் பணிக்காலத்திலேயே வானொலி, ஒலிநாடா, விடியற்காலைத் தொலைக்காட்சி, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, ஆள் சேராமல் நின்றுபோன ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்று எத்தனை வேடம்! நான் வானொலியில் பாடம் வாசித்ததைக் கேட்டுவிட்டு அக்கா, நல்லாத்தான்டா இருந்துச்சு, கடைசியில யாரு செத்ததுன்னுதான் புரியல என்றாளே. ஒவ்வொரு புது இயந்திரம் வந்தபோதும் இனி வாத்தியார் எதற்கு என்றார்கள். இயந்திரம் பழசாகி அறை மூலைக்குப் போயிற்று, வாத்தியார் இருந்தார். இப்போது இவர், மூன்று வருடத்தில் அச்சுப் பாடமும் வேண்டாம், திருத்துகிற ஆளும் வேண்டாம், மாணவன் எந்நேரத்தில் கேட்டாலும் கணினியே பதில் சொல்லிவிடும் என்கிறார்.

நீயும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. நம்ம பிள்ளைங்க தனியாக் கிடக்கறாங்க, அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசணும் என்பது உன் பல்லவி. படிக்க எதற்குக் கூட்டம்? வேலைக்குப் போய்விட்டு வந்து, வீட்டார் தூங்கியபின் தன்னந்தனியாகப் படிப்பதற்குத்தானே நம்மிடம் சேருகிறார்கள்? பாடத்தில் குறை இருந்தால் எழுதிக் கேட்டிருக்க மாட்டார்களா? ஒவ்வொரு புத்தகத்தோடும் முகவரி அச்சிட்ட உறையே வைத்து அனுப்பினோம். என் புத்தகத்தைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு புகார் வந்ததுண்டா? ஒன்றே ஒன்று? இந்தக் கேள்விக்கு மட்டும் நீ பதில் சொன்னதே இல்லை.

வரும் சனிக்கிழமை உன் சோதனை வகுப்பில் ‘பாட வல்லுநர்’ என்ற பெயரில் உட்காரச் சொல்லி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. உன் வேலையா, கோந்துவின் வேலையா தெரியவில்லை. உட்காருகிறேன். உத்தரவுக்கு உட்கார்ந்தே தேய்ந்தவன்தானே.

உடம்பைப் பார்த்துக்கொள். வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்.

உன் கணவன்

----

அன்புள்ள மனைவிக்கு,

என் முதல் கடிதம் இதற்குள் உன் கைக்கு வந்திருக்கும். அதன்படி எழுதிக் கொடுத்துவிடாதே. இதையும் படித்துவிட்டுச் செய்.

சனிக்கிழமை வகுப்பைப் பற்றி உன் ஆட்கள் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பார்த்தது பாதி. மீதி நம் வீட்டில் நடந்தது.

சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்து உட்கார்ந்தேன். அக்கா வேடிக்கை பார்க்க மேலே வந்து, படத்தில் விழாத இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு நர்ஸ், மருத்துவமனை நடையில் பெஞ்சில் உட்கார்ந்து. ஒரு லாரி டிரைவர், வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் புத்தகத்தைச் சாய்த்து. ஒரு பெண், மடியில் தூங்குகிற குழந்தையோடு. ஒரு கட்டத்தில் ஆளே இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. அது யாருடா, காத்து வாங்கப் படிக்கிறானா என்றாள் அக்கா. மாணவர்களின் மைக்கை மூடித்தான் வைக்க வேண்டும் என்று இயக்குநர் சொன்னாராம். திறந்துதான் இருக்கும் என்று நீ சண்டை போட்டாயாம். அதன் பலனாக ஒரு வீட்டிலிருந்து நாய் குரைத்தது, இன்னொரு வீட்டிலிருந்து மாமியார். எனக்குள் ஒரு திருப்தி. படு இப்போது என்று நினைத்துக்கொண்டேன்.

பாடம் நடத்திய ஆசிரியை சின்னவள், கெட்டிக்காரி. அன்றைக்கு ஒன்பதாம் பாடம், திட்ட விலக்கம். உனக்குக் கணக்கென்றால் காத தூரம் என்பதால் சொல்கிறேன். ஒரு வகுப்பின் மதிப்பெண்கள் சராசரியைவிட்டு எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று பார்க்கும் கணக்கு அது. புத்தகத்தில் உள்ளபடியே படிப்படியாக எல்லாரும் போட்டுப் பாருங்கள் என்றாள். எல்லாரும் பென்சிலை எடுத்தார்கள். நாய்கூட ஓய்ந்துவிட்டது.

அப்புறம் லாரி டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேடம், எனக்கு ஜீரோ வருது என்றார். எப்பப் போட்டாலும் ஜீரோதான் மேடம், என் மண்டை அவ்வளவுதான்னு விட்டுட்டேன் என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே நர்ஸ், அண்ணே, எனக்கும் ஜீரோதாண்ணே என்றாள். குழந்தைக்காரப் பெண், எனக்கும்தாங்க, பின்னாடி விடை வேற மாதிரி இருக்கா, சரி நாமதான் தப்புன்னு ரப்பர் வெச்சு அழிச்சுட்டேன் என்றாள். மின்விசிறியிலிருந்து ஒரு குரல் வந்தது: எனக்கும். அப்புறம் பெயர் தெரியாத கட்டங்களிலிருந்தெல்லாம் எனக்கும், எனக்கும் என்று வரத் தொடங்கியது. ஒரு குறும்புக்காரன், மொத்த வகுப்புக்கும் ஜீரோன்னா அதுதான மேடம் சராசரி, அப்ப நாமெல்லாம் பாஸ்தானே என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. புத்தகத்தை ஒழுங்காகப் படித்தால் ஏன் ஜீரோ வருகிறது என்று சீறப் போனேன். நல்லவேளை, என் மைக்கை எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியை திகைத்து நின்றாள். அவள் இத்தனை நாளும் தன் சொந்தக் குறிப்பிலிருந்துதான் நடத்தி வந்தாளாம். புத்தகத்தை வரிக்கு வரி பார்த்ததில்லையாம்.

பரணில் ஏறினேன். அக்கா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, விழுந்து தொலைக்காதடா, அவ வந்து என்னத்தான் கேப்பா என்றாள். கட்டைப் பிரித்தேன். அட்டையில் பெரியவர் பெயர், சும்மா சொல்லக்கூடாது, மங்காமல் பளிச்சென்று இருந்தது. ஒன்பதாம் பாடத்தைப் புரட்டினேன். இரண்டு பக்கங்கள் இடம் மாறியிருந்தன. அச்சகத்தில் முன்னதைப் பின்னதாகக் கோத்து, அந்த வரிசைக்கே பக்க எண்ணும் போட்டுவிட்டார்கள். பக்கத்துக்கு ஒரு படியாக எழுதியது, எண்ணும் ஒழுங்காக ஓடுவதால் யார் கண்ணிலும் படாது. எழுதியவன் ஒருவன் கண்ணைத் தவிர.

எழுதியது இதுதான். ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, அதை முதலில் வர்க்கப்படுத்தி, பிறகு கூட்ட வேண்டும். வர்க்கப்படுத்துமுன் கூட்டினால், மேலே நிற்பதும் கீழே நிற்பதும் ஒன்றையொன்று தின்றுவிட்டுச் சுழியாகிவிடும். எந்தக் கணக்கைப் போட்டாலும் சுழிதான். புத்தகத்தில் உள்ளபடி போட்டால் அப்படித்தான் வரும். அவர்கள் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்கள். ஒழுங்காகப் படித்தவனுக்குத்தான் அது வரும்.

தேர்வு மையத்தில் நாங்கள் ஒரு பேச்சு வைத்திருந்தோம், நீயும் கேட்டிருப்பாய். ஒன்பதாம் பாடத்துக்கு நம்ம பிள்ளைங்க பெரிய கும்பிடா போட்டுடுவாங்க என்று. அந்தக் கேள்வியை யாரும் தொடமாட்டார்கள். தபால் படிப்பு அவ்வளவுதான் என்று பெரிய கட்டடத்தார் சொல்வார்கள். என் ஆட்களை அவர்கள் எப்படிச் சொல்லலாம் என்று எனக்குப் பொத்துக்கொண்டு வரும். ஆனால் உள்ளுக்குள் நானும் அதையேதான் நினைத்திருக்கிறேன் போல.

ஏன்டா, இத்தனை பேரு இத்தனை வருஷமா ஜீரோவையே போட்டுக்கிட்டு இருந்தாங்களே, ஒருத்தனுக்காவது பக்கத்துல இருக்கறவனக் கேப்போம்னு தோணலையா என்று அக்கா கேட்டாள். பக்கத்தில் யாரும் கிடையாது அக்கா, அதுதான் நாங்க நடத்துற படிப்பு என்றேன். அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி, அந்த இரண்டு பக்கங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டிப் பார்த்தாள்.

ஒரு புகார் வந்ததுண்டா என்று உன்னை மடக்குவேனே, அதற்கு என்ன பதில் என்று தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகம் தப்பு என்று எழுத எவனுக்குத் துணிச்சல் வரும்? தன் மண்டைமேல் பழியைப் போட்டுக்கொள்வது சுலபம், அதற்குத் தபால்தலைகூட வேண்டாம். உறையை நாம்தான் வைத்து அனுப்பினோம், பக்கத்து ஆளை வைத்து அனுப்பவில்லை.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஆசிரியை சொல்லிக்கொடுக்க, மைக்கைத் திறந்தேன். தலையெல்லாம் ஒட்டடை, வல்லுநர் கோலம் நன்றாகத்தான் இருந்திருக்கும். நான்தான் இந்தப் பாடத்தை எழுதியவன், அச்சில் பக்கம் மாறிவிட்டது, இதை முன்னால் செய்யுங்கள், அதைப் பின்னால் செய்யுங்கள் என்றேன். அவர்கள் குனிந்து போட்டார்கள். நான் வெறும் தலைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடை அச்சில் உள்ளபடியே வரவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டுதல் பழக்கம் இல்லை என்று நீ சிரிப்பாய். முதலில் நர்ஸ், வந்துடுச்சு என்று கத்தினாள். யாரோ நோயாளி எழுந்திருப்பார். டிரைவர் லாரியின் ஹாரனை அடித்தார். எல்லாரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள், உங்களுக்கு வந்துச்சா, உங்களுக்கு வந்துச்சா என்று. கல்யாண வீட்டுக் கூச்சல்.

மின்விசிறிக்காரர் அப்போதுதான் தன் கருவியைக் கீழே சாய்த்து முகத்தைக் காட்டினார். என்னைவிட மூத்தவராக இருப்பார். நாலாவது தடவையாகத் தேர்வு எழுதப் போகிறாராம். ஒவ்வொரு தடவையும் இந்தத் தாளில்தான் விழுந்தாராம். சார், அப்போ என் மேல தப்பு இல்லீங்களா என்று கேட்டார். இல்லீங்க என்றேன். என் புத்தகத்தில் அந்த இரண்டு பக்கங்களையும் திரைக்கு முன்னால் பிரித்துக் காட்டினேன். அவர் தன் புத்தகத்தில் பக்க எண்ணைத் திருத்திக்கொண்டார்.

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். இயக்குநர் சொல்லும் கணினி வந்தால் என்ன ஆகும்? நியாயமாகவே சொல்கிறேன், அது சரியான வழியைச் சொல்லிக்கொடுத்துவிடும். எரிந்து விழாது, எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது; அந்த வகையில் என்னைவிட மேல். ஆனால் கேட்டவனிடம் மட்டும், அவன் காதோடு சொல்லும். அவனும் தன் மண்டையையே நொந்துகொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவான். நர்ஸுக்கு டிரைவர் இருப்பது தெரியாது. பழைய தபால் பெட்டிதான், வேகம் மட்டும் கூடியிருக்கும்.

அன்றைக்கு அந்த மைக்குகள் திறந்திருந்ததற்குக் காரணம் நீ. அந்த நாற்காலியில் கோந்து உட்கார்ந்தால் முதல் வேலையாக அவற்றை மூடுவான். இயக்குநர் மூடச் சொல்லுமுன்பே மூடுவான். ஆகவே என் முதல் கடிதத்தில் இருந்த அந்த ஒரு வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏற்றுக்கொள். ஏற்றுக்கொள்ளும்போதே இரண்டை எழுத்தில் கேட்டு வாங்கு. வகுப்பில் எல்லார் குரலும் எல்லாருக்கும் கேட்க வேண்டும். கணினி எத்தனை வந்தாலும் ஒவ்வொரு வகுப்புக்கும் பெயர் தெரிந்த ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும். இனிக்க இனிக்கப் பேசி ஒன்றை மட்டும் கொடுக்கப் பார்ப்பார்கள். விடாதே. என்னிடம் நீ சாதித்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தால் அவர்கள் எம்மாத்திரம்.

நான் திருந்திவிட்டேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. பெரியவரை மன்னிக்கவில்லை, மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. பெரிய கட்டடத்துக்காரர்கள் என் வீட்டுக்கு வந்தால் இன்றும் தண்ணீர் மட்டும்தான். ஒன்பதாம் பாடத்தின் திருத்தத்தை எழுதிப் பிரிவுக்கு அனுப்பிவிட்டேன். பழைய மாணவர்கள் எல்லாருக்கும் அது போக வேண்டும், தோற்று நின்றுபோனவர்களுக்கும். நீ பொறுப்பேற்றபின் அந்தக் கோப்பு உன் மேசைக்கு வரும். தாமதம் செய்தால் மேலதிகாரியென்றும் பார்க்கமாட்டேன்.

மூன்று வருடம் என்று எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கிறது. விடுமுறைக்கு வா. குழாய்க்கு நானே ஆள் பிடிக்கிறேன். நீ வர மூன்று வருடம் ஆகும் என்று அக்காவிடம் சொன்னேன், அவள், சட்டைகளை எடுத்துக்கொண்டு கீழே வா, இஸ்திரி போடக் கத்துக்கொடுக்கறேன் என்று மட்டும் சொன்னாள்.

உன்னை ரயிலேற்ற வந்த அன்று, பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டு, வண்டி கிளம்புமுன்பே திரும்பி நடந்துவிட்டேன். வாசல்வரை போகிறவர்களுக்குக்கூடச் சொல்கிற வார்த்தையை உனக்குச் சொல்லவில்லை. தாமதமானாலும் இப்போது எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. யாருக்கும் அஞ்சாதே. நன்றாக இரு.

போய் வா.

உன் கணவன்